கரண்டி, கிளிப், தண்ணீர், மணி: குழந்தையின் விரல் வேலை எங்கே தடைப்படுகிறது?

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே மாண்டிசோரி முறையில் விரல் பயிற்சி கொடுக்கத் தொடங்கும் பெற்றோர், சில நாட்களிலேயே எங்கள் வகுப்புக்குப் போன் செய்கிறார்கள். "வீடியோவில் அந்தக் குழந்தை அமைதியாக உட்கார்ந்து செய்கிறது. எங்கள் குழந்தை தட்டைத் தூக்கி வீசுகிறது." சொற்கள் மாறலாம், புகார் மாறுவதில்லை. நான் கேட்கும் கேள்விகளும் மாறுவதில்லை என்பதால் அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

சரிபார்க்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் பொருள், பிறகு உட்காரும் இடம், பிறகு நேரம், அதன் பிறகு பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள், கடைசியாகத்தான் குழந்தையின் உடல். முதல் மூன்றுக்கும் காசு செலவில்லை. நாலாவதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். கிண்ணம், நேரம், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கடையில் விற்கும் 'மாண்டிசோரி செட்' எதுவும் தேவையில்லை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அன்றாட வேலைப் பயிற்சிகளுக்கு அந்தந்த ஊரில், அந்தந்த வீட்டில் புழங்கும் உண்மையான பாத்திரங்களையே எடுப்பதுதான் அவருடைய முறை. நம் சமையலறையில் அதற்குக் குறைவில்லை.

## தட்டை வைத்ததும் கவிழ்க்கிறது, வீசுகிறது

ஒன்றரை வயதில் கொட்டுவதே ஒரு வேலை. அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொருள் அதிகமா? ஒரு கிண்ணம் நிறைய வைத்தால் கவிழ்க்கத்தான் தோன்றும். ஐந்தே ஐந்து வையுங்கள். அதையும் கவிழ்த்தால் காலிப் பாத்திரம் ஒன்றும் மூன்று பொருள்களும் மட்டும் கொடுங்கள். உள்ளே போட்டு வெளியே எடுத்தால் குழந்தை இப்போது நிற்கும் படி அதுதான். அங்கிருந்து தொடங்குங்கள்.

வீசத்தான் ஆசையா? சுருட்டிய சாக்ஸும் ஒரு வாளியும் கொடுத்து முதலில் வீசவிடுங்கள். தட்டு அதற்குப் பிறகு வரட்டும்.

மேஜை ஓரத்தில் வைத்தீர்களா? கீழே விழும் சத்தம் கேட்க எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். தரையில் விளிம்புள்ள தாம்பாளத்தை வைத்தால் அந்த வேடிக்கை பாதி குறைந்துவிடும்.

நேரம்? தூக்கத்துக்கு முன்பும் பசி நேரத்திலும் வேண்டாம். காலைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரம் பல வீடுகளில் ஒத்துவருகிறது.

யார் கத்தினார்கள்? கவிழ்த்ததும் வீடே பதறி ஓடி வந்தால், மறுநாளும் அதற்காகவே கவிழ்க்கும்.

வீசுவது ஒன்றுக்காக மட்டும் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. ஒன்றரை வயதாகியும் பிடித்த எதையும் விரலால் சுட்டிக்காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதும் சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

## எல்லாவற்றையும் வாயில் போடுகிறது

இந்த ஒரு அறிகுறியில் மட்டும் 'பொறுத்துப் பார்ப்போம்' என்பது கிடையாது. முதல் நாளே பொருளை மாற்றுங்கள்.

இணையப் படங்களில் வரும் கொண்டைக்கடலை, ராஜ்மா, சின்ன மணி, கோலி, பட்டன் எல்லாம் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்கு அமெரிக்காவில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. உருண்டைப் பந்துக்கு விதி இன்னும் கடுமை: 44.4 மில்லிமீட்டர் வளையத்தின் வழியே நுழைந்து போகக் கூடாது. மேஜைப் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர்தான், அதுவும் இந்தக் கணக்கில் தேறாது.

மாற்று என்ன? கரண்டியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலைக்கு ரவை. வாய்க்குள் போனாலும் பெரிய கேடில்லை. பொரியும் ஆகும், உட்கார்ந்த இடத்தில், உங்கள் கண் முன்னால் என்றால். கடைப் பொரியில் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் கலந்திருக்கும், அவற்றை ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள். போட்டு எடுக்கும் வேலைக்கு பிளாஸ்டிக் வளையல், டப்பா மூடி, தீப்பெட்டியைவிடப் பெரிய மரக்கட்டை.

பல் முளைக்கிறதா? அந்த வாரம் தட்டை எடுத்து வைத்துவிட்டு, கடிக்கக் கொடுப்பதைக் கொடுங்கள்.

இரண்டு வயது தாண்டியும் மண், சுண்ணாம்பு, காகிதம் தின்கிறதா? ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. இரும்புச்சத்துக் குறைவு இதற்குப் பின்னால் இருப்பது உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 'நம் வீட்டில் இருக்காது' என்று ஒதுக்க முடியாத எண் இது.

### உடனே கிளம்ப வேண்டியவை

குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இருமலும் அழுகையும் வராமல் முகம் நீலமாகிறதா? ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயது தாண்டிய குழந்தையை முன்பக்கமாகச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து வயிற்றில், தொப்புளுக்கு மேலே, உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குக் கீழே வயிற்றில் அழுத்தவே கூடாது.

மூக்கில் பயறு போய்விட்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுப்பார். நீங்கள் பார்க்காமலே போயிருந்தால், ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிவது அதைக் காட்டிக்கொடுக்கும். பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், உடனே மருத்துவமனை. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அதை அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

## கரண்டி, கிளிப், இடுக்கி கைக்கு வரவில்லை

எனக்கு வரும் போன்களில் பெரும்பங்கு இதுதான். 'விரலில் பலமில்லையோ' என்று பயந்தபடி பேசுகிறார்கள். கொடுத்த கருவியைக் காட்டச் சொன்னால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

### கரண்டி

எவர்சில்வர் கிண்ணத்தை எவர்சில்வர் தட்டில் வைத்திருப்பீர்கள். கரண்டி விளிம்பில் பட்டதும் கிண்ணம் நகரும், குழந்தை அதைத் துரத்தும், ரவை சிந்தும். கிண்ணத்துக்கு அடியில் நான்காக மடித்த ஈரத் துணியை வையுங்கள். பல வீடுகளில் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடுகிறது.

முடியவில்லையென்றால் கரண்டியைப் பாருங்கள். நீளக் காம்பும் தட்டையான குழியும் உள்ள கரண்டி பெரியவர் கைக்கானது. காம்பு உங்கள் நடுவிரல் நீளத்துக்கு மேல் வேண்டாம், குழி ஆழமாக இருக்கட்டும். இரண்டு கிண்ணங்களும் வாய் அகன்று, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கட்டும். இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியில்தான் சிந்தும்.

குழந்தை முஷ்டியால் கரண்டியைப் பிடிக்கிறதா? பிடிக்கட்டும். இரண்டு வயதில் பேனா பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்லி விரல்களை மடக்கி வைப்பது வீண் வேலை.

### கிளிப்

துணிக் கிளிப்பை உங்கள் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். உங்களுக்கே முக்கி அழுத்த வேண்டியிருந்தால் அது குழந்தைக்கான கிளிப் இல்லை. கொடியில் நெடுநாள் தொங்கிய பழைய கிளிப் இளகியிருக்கும் என்று எடுப்பார்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அழுத்தும்போது பட்டென்று முறியும், கம்பிச் சுருளும் துண்டும் கையில் வரும். வேண்டாம். இளகிய ஸ்பிரிங் உள்ள மரக் கிளிப்பாகப் பொறுக்கி எடுங்கள்.

கிளிப் மாட்டுவதில் இரண்டு வேலைகள் உள்ளன: அழுத்தித் திறப்பது, திறந்ததை விடாமல் பிடித்து ஓரிடத்தில் பொருத்துவது. இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். நீங்களே காலி பிஸ்கட் பெட்டியின் விளிம்பில் நாலு கிளிப் மாட்டிக் கொடுங்கள். குழந்தை பிடுங்கி எடுக்கட்டும். முதலில் இழுத்துப் பிடுங்கும், அது போதும். அழுத்தி எடுக்கப் பழகிய பிறகு மாட்டக் கொடுங்கள். மாட்டுவதும் அட்டை விளிம்பில்தான். துணி தொய்ந்துபோகும்.

### இடுக்கி

சப்பாத்தி இடுக்கி நீளம், பாத்திர இடுக்கி முரடு. இரண்டரை வயதுவரை இடுக்கியை மறந்துவிடுங்கள். அதற்கென்று கடையில் வாங்கவும் வேண்டாம்.

### கருவி சரி, இன்னும் வரவில்லை

உட்காரும் விதத்தைப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையில் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து கால் அந்தரத்தில் ஆடினால், உடம்பை நிறுத்தி வைப்பதற்கே குழந்தையின் கவனம் செலவாகும். பாதம் தரையில் படியட்டும், முழங்கை பலகையின் உயரத்துக்கு வரட்டும். இதற்குத் தரையே நல்ல இடம்.

பிறகு ஒரு வாரம் கருவியை எல்லாம் ஒதுக்கிவிட்டு முழுக் கையால் செய்யும் வேலைகளைக் கொடுங்கள். ஈர ஸ்பாஞ்சை ஒரு கிண்ணத்தில் முக்கி இன்னொன்றில் பிழிவது. சப்பாத்தி மாவு உருண்டையை அமுக்குவது. முருங்கைக்கீரை வாங்கும் நாளில் ஒரு கொத்தைக் குழந்தையிடம் கொடுத்து உருவச் சொல்லுங்கள்: ஒரு கை காம்பைப் பிடிக்க, மறு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலையோடு வழுக்கி வரும். இந்த ஒரு வேலைக்கு ஈடாக எந்த பொம்மையையும் நான் பார்த்ததில்லை. காம்பு கலந்து வரும். குழம்புக்குப் போகும் கீரையை நீங்கள் தனியாக ஆய்ந்துகொள்ளுங்கள்.

### எப்போது மருத்துவர்?

ஒரு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியும், தட்டில் கிடக்கும் சிறு சோற்றுப் பருக்கையைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியால் எடுக்காமல் உள்ளங்கையால் வழித்தே எடுக்கிறது. இரண்டு வயதாகியும் கரண்டியால் தானே சாப்பிட முயல்வதில்லை, ஒரு கையால் டப்பாவைப் பிடித்து மறு கையால் மூடியை எடுப்பதில்லை. இரண்டரை வயதாகியும் மூடியைத் திருகுவதில்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதுவரை, பிறந்த தேதியிலிருந்து அல்லாமல் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். எந்த வயதானாலும், வந்துகொண்டிருந்த திறமை மறைந்துபோனால் காத்திருக்க வேண்டாம்.

## ஊற்றும்போது பாதி வெளியே போகிறது

காபி டம்ளரைக் கொடுத்திருந்தால் குற்றம் டம்ளருடையது. அதன் விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் அந்தச் சுருளுக்கு அடியில் ஓடி, டம்ளரின் வெளிப்புறமாக வழிந்து முழங்கைக்கு வந்துவிடும். வேகமாகச் சாய்த்தால் மொத்தமாக விழும். நாம் ஆற்றும்போது கை தானாகவே வேகத்தை அறிந்து சாய்க்கிறது. குழந்தைக்கு அது இன்னும் வரவில்லை.

மருந்தும் பாலும் புகட்டிய பாலாடை வீட்டில் எங்காவது கிடக்கும். அதைத் தேடி எடுங்கள். கூரிய மூக்கு, ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு, கொள்ளளவும் கொஞ்சம்தான். பாலாடையிலிருந்து வாய் அகன்ற டபராவுக்கு ஊற்றுவதுதான் முதல் பாடம். அது கைவந்ததும் மூக்குள்ள சிறிய குவளை, பிறகு டம்ளர்.

இன்னும் சிந்துகிறதா? அளவைக் கால் பங்காகக் குறையுங்கள். எவர்சில்வரில் தண்ணீர் மட்டம் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஒரு துண்டு பீட்ரூட்டைப் போட்டு நிறமேற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் சில நாள் ரவையை ஊற்றவிடுங்கள். தண்ணீரைப்போல் அது வெளிப்புறமாக வழியாது.

வீட்டில் ஈரம் ஆகாது என்கிறார்களா? இடத்தை மாற்றுங்கள். வாசற்படி, குளியலறை, மொட்டை மாடி எதுவானாலும் சரி, தண்ணீர் கடைசியில் செடிக்குப் போகட்டும். துடைக்கும் துணியும் தட்டிலேயே இருக்கட்டும். பல குழந்தைகளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பதில்தான் ஆர்வம். வாளியை மட்டும் நிரப்பி வைத்துவிட்டு நகராதீர்கள். சில அங்குலத் தண்ணீரே ஒரு சிறு குழந்தை மூழ்கப் போதும்.

நீட்டும் கை ஒவ்வொரு முறையும் பொருளைத் தாண்டிப் போகிறது அல்லது நடுங்குகிறது என்றால் குழந்தை மருத்துவர். தலையைச் சாய்த்தே பார்க்கிறது, எதையும் முகத்தருகே கொண்டுவந்தே பார்க்கிறது என்றால் கண் மருத்துவர்.

## மணி நூலில் ஏறவில்லை

பெரிய மணியைக் கோர்ப்பது மூன்று வயதை ஒட்டி எதிர்பார்க்க வேண்டிய திறமை. இரண்டு வயதில் வரவில்லை என்று கவலைப்படுவதை நிறுத்துங்கள்.

மூன்றை நெருங்கியும் தடுமாறினால் நூலைப் பாருங்கள். தொய்யும் நூலை யாராலும் துளைக்குள் நுழைக்க முடியாது. கூடை பின்னும் பிளாஸ்டிக் வயர் ஒரு முழம் போதும், அது விறைப்பாக நிற்கும். மறுமுனையில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கோர்த்ததெல்லாம் அந்தப் பக்கமாக ஓடிவிடும், குழந்தையும் எழுந்து போய்விடும். வயரும் கடினமென்றால் ஒரு படி இறங்கி, தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் பிளாஸ்டிக் வளையல்களைப் போடுவதிலிருந்து வரலாம். கண்ணாடி வளையல் வேண்டாம்.

## மாவு, ஈரம் பட்டாலே கையை உதறுகிறது

கட்டாயப்படுத்தாதீர்கள். உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்குப் படிப்படியாகப் போங்கள்: ரவை, கோதுமை மாவு, எண்ணெய் தடவிய கெட்டி மாவு, கடைசியில் தளர்ந்த மாவு. பக்கத்தில் ஈரத் துணி இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் குழந்தை துணிந்து தொடும். ஒரு முக்கியமான கேள்வி: சாப்பிடும்போது கையில் ஒட்டும் ஒவ்வொரு பருக்கையையும் நீங்கள் உடனுக்குடன் துடைக்கிறீர்களா? அதை நிறுத்திப் பாருங்கள். சோறு, புல், மணல், சீப்பு, புதுச் சட்டை எல்லாவற்றுக்கும் அழுது சாப்பாடே குறைந்துவிட்டால், ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) பார்க்கும் நேரம் அது.

## ஒரே கையைத்தான் நீட்டுகிறது

இங்கே வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் உடல்.

நேற்றுவரை இரு கையும் ஓடியது, இன்று திடீரென ஒன்று தொங்குகிறதா? யாராவது கையைப் பிடித்துத் தூக்கினார்களா, இழுத்தார்களா என்று கேளுங்கள். முழங்கை எலும்பு விலகியிருக்கலாம். இந்த வயதில் இது சாதாரணம், மருத்துவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். நீவிவிடுகிறவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறதா, மறு கை மூடியே இருக்கிறதா? பொருளைக் குழந்தைக்கு நேர் நடுவில் வைத்துப் பாருங்கள். பிறகு பயன்படுத்தாத கையின் பக்கத்தில் வையுங்கள். அப்போதும் குறுக்கே நீட்டி அதே கையால்தான் எடுக்கிறது என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

இரண்டு வயதுக்கு மேல், இடது கையை விரும்புகிறது, வலதும் நன்றாக வேலை செய்கிறதா? ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் கையை மாற்றி மாற்றி வைப்பது மட்டும் நிற்க வேண்டும். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தாய் மாமியாரிடம் சொன்ன சமரசம் எனக்குப் பிடித்திருந்தது: "அத்தை, சாப்பாட்டுத் தட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம். விளையாட்டுத் தட்டில் மட்டும் அவன் எந்தக் கையால் எடுத்தாலும் விட்டுவிடுங்கள்." மாமியார் ஒத்துக்கொண்டார்.

## "அம்மா, நீ செய்"

செய்யத் தெரிந்தும் செய்யாத குழந்தையிடம் கோளாறு தேட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் கையைக் கவனியுங்கள். மூடி திறக்கத் தாமதமாவதற்குள் ஒரு கை நீண்டு திறந்துவிடுகிறதா? செய்து காட்டும்போது பேசாமல் மெதுவாகக் காட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்டால் மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்திக் கொடுங்கள். 'சூப்பர், சூப்பர்' என்று இடையில் கைதட்டினாலும் வேலை அறுந்துபோகும்.

## அதையே திரும்பத் திரும்பச் செய்கிறது

வேலை நடந்துகொண்டிருக்கிறது. தட்டை மாற்றாதீர்கள்.

## மருத்துவரிடம் போவதென்றால்

முதலில் உங்கள் குழந்தை மருத்துவர். தேவைப்பட்டால் அவரே ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார். செலவு கவலையாக இருந்தால், மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்ப இடையீட்டு மையம் (வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் இடம்) எங்கே என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. சென்னையை ஒட்டி இருப்பவர்களுக்கு, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு.

போகும்போது தடுப்பூசி அட்டையோடு மூன்று சிறு வீடியோக்களை எடுத்துப் போங்கள்: குழந்தை சாப்பிடுவது, டப்பா திறப்பது, தரையில் கிடக்கும் சிறு பொருளை எடுப்பது. இரண்டு கைகளும் படத்துக்குள் தெரியட்டும், பின்னால் யாரும் பேச வேண்டாம். புது அறையில், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், பெரும்பாலான குழந்தைகள் எதையும் தொடவே தொடாது.